தோட்டத்துக் காதணிகள்: ஓலை, பொன், தோல்

தோட்டத்துக் காதணிகள் என்று இங்கே குறிப்பிடப்படுபவை, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்ப் பெண்கள் காதில் அணிந்தவை. பனையோலைச் சுருள், ஈயக் குணுக்கு, அரக்கு அடைத்த பொன் தண்டட்டி, கல் பதித்த தோடு, கம்மல், ஜிமிக்கி ஆகியன இதில் அடங்கும். கையால் செய்யும் தோல் காதணி இந்த வரிசைக்குப் புதிது. பொருள் மாறினாலும் இவை எல்லாவற்றுக்கும் ஒரே கட்டுப்பாடு உண்டு: காதுமடல் எவ்வளவு எடை தாங்கும் என்பது. ஓலை ஏன் சுருட்டப்பட்டது, பொன் ஏன் உள்ளீடற்ற கூடாகச் செய்யப்பட்டது, தோடு ஏன் திருகாணியோடு வந்தது, இன்று தோல் ஏன் காதுக்குப் பொருந்துகிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை அந்த எடையில் இருக்கிறது.

தோட்டங்களும் அங்கே வந்த பெண்களும்

சிரம்பானிலிருந்து ரந்தாவ், சிலியாவ், லிங்கி வழியாகப் போர்ட்டிக்சன் கடற்கரை வரை உள்ள நிலம் நெகிரி செம்பிலானின் பழைய தோட்டப் பகுதி. சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 1891இல் ரயில் பாதை திறக்கப்பட்டபோது இங்கே காப்பி பயிராகிக்கொண்டிருந்தது. பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிந்து விலை சரிந்ததும், 1890களின் இறுதியிலிருந்து ரப்பர் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு லாபு, நீலாய், மந்தின், தம்பின், கெமாஸ், பகாவ் என்று மாநிலமெங்கும் ரப்பர் பரவியது.

இந்தத் தோட்டங்களில் கன்று நட்டு, பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு ஆகிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். 1907இல் தமிழ்க் குடியேற்ற நிதி ஏற்பட்ட பிறகு கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகள் பொதுவில் ஏற்றார்கள். தொடக்கத்தில் ஆண்களே மிகுதி. நாளடைவில் குடும்பமாக வருவது கூடி, 1920களில் லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளில் பெண்கள் எண்ணிக்கை கணிசமாக உயர்ந்தது. 1938இல் இந்திய அரசு கூலியாட்கள் அனுப்புவதைத் தடை செய்ததோடு கங்காணி முறை முடிவுக்கு வந்தது.

சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறியவர்கள் கொண்டுவந்தது ஒரு மூட்டையும் உடம்பில் இருந்ததும்தான். நிலமோ வீடோ மாடோ உடன் வராது. காதும் மூக்கும் கழுத்தும் தாங்கிய நகை மட்டுமே கடல் தாண்டி வரக்கூடிய சொத்தாக இருந்தது. எனவே தோட்டத்துப் பெண்ணின் காதணியை வெறும் அலங்காரமாக எழுதிச் செல்வது அவளுடைய வரலாற்றைக் குறைத்து எழுதுவதாகும்.

அந்தக் காதுகளை நாம் இன்று பார்க்க முடிவது பெரும்பாலும் பழைய படங்களில். சிங்கப்பூரில் இயங்கிய ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் போன்ற படப்பிடிப்பு நிலையங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்ப் பெண்களைப் படமெடுத்து, படங்களாகவும் அஞ்சலட்டைகளாகவும் விற்றன. அட்டைகளில் பெண்ணின் பெயரோ ஊரோ இருக்காது. ஆனால் மடலின் நீளம், மேல் காதில் எத்தனை துளை, எந்தத் துளையில் என்ன நகை என்பதெல்லாம் தெளிவாகத் தெரியும். நகை வரலாற்றுக்கு அவை நல்ல சான்றுகள். அவற்றை எடுத்தவர்களின் நோக்கம் வேறாக இருந்தாலும்.

துளை

காதுகுத்து முதல் மொட்டையோடு சேர்ந்து வரும் சடங்கு. ஊரில் குலதெய்வத்தின் முன் நடப்பது, தோட்டத்தில் மாரியம்மன் கோயிலிலோ முனியாண்டி சன்னிதியிலோ நடந்தது. குழந்தை தாய்மாமன் மடியில் அமரும். பொற்கொல்லரான பத்தர் கூர் தீட்டிய பொன் கம்பியால் குத்தி, அதையே வளையமாக வளைத்துவிடுவார். தாய்மாமன் வராமல் காதுகுத்து இல்லை என்பதால், உடன்பிறந்தான் ஊரிலேயே தங்கிவிட்ட பெண்ணுக்கு அதே லயத்தில் முறைக்கு ஒரு அண்ணனோ தம்பியோ மாமனாக நின்றான். கப்பலில் ஒன்றாக வந்தவர்களும் ஒரே கங்காணியின் கீழ் வேலை செய்தவர்களும் இப்படிச் சொந்தமானார்கள்.

குத்திய துளை மூடிக்கொள்ளாமல் இருக்கத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவி, பொன் கம்பி இல்லாத வீட்டில் ஈர்க்குச்சியோ வேப்பங்குச்சியோ செருகினார்கள். இதுவரை எல்லாக் குழந்தைக்கும் பொது. காது வளர்த்தல் வேறு. பெண் குழந்தையின் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்கி மடலைத் தோள்வரை தொங்கவிடும் இந்த வழக்கத்தில் முதலில் பஞ்சுத் திரி, பிறகு மரக்கட்டை, பிறகு ஓலைச்சுருள், கடைசியில் ஈயக் குணுக்கு என்று வரிசையாகப் போட்டார்கள்.

இதில் ஓலைச்சுருளின் வேலை நுட்பமானது. பனையோலையை விரல் அகலத்துக்கு நறுக்கி இறுக்கமாகச் சுருட்டித் துளையில் வைத்தால், ஓலை தன் இயல்பில் விரியப் பார்க்கும். அந்த மெல்லிய அழுத்தம் இரவும் பகலும் எல்லாப் பக்கமும் சமமாக மடலைத் தள்ளும். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கிழிக்காது. துளை அந்த அளவுக்குப் பழகியதும் இன்னும் பெரிய சுருள். குணுக்கு அப்படியில்லை. அது ஈய வளையம். தன் கனத்தால் கீழ்நோக்கி மட்டும் இழுக்கும். அதனால் துளை போதிய அகலம் பெற்ற பிறகே அதைப் போட்டார்கள். அவசரப்பட்டுப் போட்டால் மடல் அறுந்து இரண்டாகும். பழைய ஆட்களில் அறுந்த காதுகளை நிறையப் பார்க்கலாம்.

ஓலை இன்னும் முற்றாக மறையவில்லை. ஆடிப்பெருக்கில் அம்மனுக்குப் படைக்கும் காதோலையும் கருகமணியும் அதன் எச்சம்தான். பொன் வாங்க முடியாத பெண்கள் வாழ்நாள் முழுதும் அணிந்த நகையை, பொன் அணிந்த தலைமுறை தெய்வத்துக்கு மட்டும் அணிவிக்கிறது.

நகை வகைகள்

நீட்டிய மடலில் தொங்கியவை தண்டட்டியும் பாம்படமும். உருண்டை, கனசதுரம், தட்டு, முடிச்சு எனச் சிறு வடிவங்களை ஒட்டிச் செய்வது பாம்படம். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரைச் சீமைகளுக்கு உரியது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போனது பெரும்பாலும் அதற்கு வடக்கே உள்ள மாவட்டங்களிலிருந்து. ஆகவே தோட்டத்துப் பாட்டிகள் எல்லோரும் பாம்படம் அணிந்தார்கள் என்று எழுதுவது சரியாகாது. தென் மாவட்டத்துக் குடும்பங்களில்தான் அதைத் தேட வேண்டும். மேல் மடலில் கொப்பும் முருகும், காதின் நடுக்குருத்தில் தட்டு வகைகளும் இருந்தன. ஒரு காதிலேயே நான்கைந்து துளைகள் என்பது அந்தத் தலைமுறைக்குச் சாதாரணம்.

அடுத்த தலைமுறையின் நகை தோடு. ஏழு கல் தோட்டின் வடிவம் மாறாமல் இத்தனை காலம் நின்றதற்கு ஒரு கணக்கு உண்டு: ஒரே அளவுள்ள வட்டக் கற்களில் ஒன்றை நடுவில் வைத்தால், அதைச் சுற்றி இடைவெளியின்றிச் சரியாக ஆறுதான் பொருந்தும். வைரம் பணக்காரர்களுக்கு. தோட்டத்தில் சிவப்புக் கெம்பும் வெள்ளைக் கல்லும். தோட்டின் பின்னால் தண்டும் அதைப் பிடிக்கும் திருகாணியும் இருக்கும். விடியற்காலை இருட்டில் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நிரையில் நுழைந்து நூற்றுக்கணக்கான மரங்களைக் குனிந்தும் நிமிர்ந்தும் வெட்டும் பெண்ணுக்கு, கொக்கி மாட்டிய தொங்கட்டானைவிடத் திருகாணித் தோடு பாதுகாப்பானது. தலைத்துண்டில் சிக்காது, பால் சேரும் மங்குக் கிண்ணத்தைக் கவிழ்க்கும்போது ஆடாது, செடிகொடிகளில் மாட்டி விழாது. ஜிமிக்கியும் லோலாக்கும் தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும். எடையுள்ள ஜிமிக்கிக்கு மாட்டல் என்ற சங்கிலி சேர்த்து, அதன் மறுமுனையைக் காதுக்கு மேலே முடியில் செருகினார்கள். பார்க்க அழகாக இருப்பதோடு, மடலில் விழும் பாரத்தில் ஒரு பங்கைத் தலைமுடிக்கு மாற்றும் ஏற்பாடு அது.

இதே மாநிலத்தில் மலாய்ப் பெண்களும் சுபாங் எனும் காதணி அணிந்தார்கள். நெகிரி செம்பிலான் மலாய்க்காரர்களிடையே வழங்கும் அடாட் பெர்பாத்தே வழக்கத்தில் குலநிலம் தாய்வழியாக மகளுக்குப் போகிறது. தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு நிலம் இல்லை. ஆயினும் அவள் காதில் இருந்ததும் தாயிடமிருந்து மகளுக்கே போயிற்று.

பத்தர் வேலை

தண்டட்டி பார்ப்பதற்குக் கட்டிப் பொன்னாகத் தோன்றும். அப்படிச் செய்திருந்தால் எந்தக் காதும் தாங்கியிருக்காது, எந்தக் குடும்பமும் வாங்கியிருக்காது. உண்மையில் அது மெல்லிய பொன் தகட்டால் ஆன கூடு, உள்ளே அரக்கு.

பத்தர் பொன்னை மூசையில் உருக்கிக் கோலாக வார்த்து, பட்டறைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தகடாக்குவார். தட்டத் தட்டப் பொன் விறைக்கும். மறுபடி நெருப்பில் காய்ச்சி இளக்கித்தான் மேலே தட்ட முடியும். தகடு போதிய மென்மை பெற்றதும் குழிவான அச்சில் வைத்து அரைக்கோளங்களாகவும், மடித்துக் கனசதுரங்களாகவும் வடிப்பார். பாதிகளைச் சேர்த்து, விளிம்பில் வெண்காரம் பூசி, பொடி வைத்து, ஊதுகுழலால் சுடரைச் செலுத்தி ஒட்டுவார். பொடி என்பது நகைப் பொன்னைவிடக் குறைந்த சூட்டில் உருகும் கலப்பு உலோகத்தின் தூள். ஊதும் மூச்சு ஒரு நொடி அதிகமானால் தகடே உருகி ஓட்டை விழும். மூச்சின் அளவுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

ஒட்டிய கூட்டில் ஒரு சிறு துளை வழியே உருக்கிய அரக்கை நிரப்புவார். அரக்கு இரண்டு வேலை செய்கிறது: மெல்லிய தகடு நசுங்காமல் உள்ளிருந்து தாங்குகிறது, மேலே கோடும் புள்ளியும் செதுக்கும்போது உளியின் அடியை வாங்கிக்கொள்கிறது. பிறகு துளையை மூடி, புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்துக் கழுவினால் நகை தயார். பெரிய உருவம், சிறிய எடை. குறைந்த பொன்னில் நிறைந்த தோற்றம் தர வேண்டிய ஏழைக்கு இதைவிடச் சிறந்த வடிவமைப்பை எந்த நாட்டுப் பொற்கொல்லரும் கண்டதாகத் தெரியவில்லை.

இந்த முறைக்கு ஒரு விலையும் இருந்தது. விற்கப் போகும்போது அரக்கின் எடையைக் கழிப்பார்கள். ஒட்டுப் பொடியால் பொன்னின் மாற்றும் சற்றுக் குறைந்திருக்கும். செய்கூலி, சேதாரம் என்று வாங்கும்போது ஒரு முறையும், உருக்கும்போது மறுமுறையும் பணம் போகும். இன்று மலேசியக் கடைகளில் நகையில் காணும் 916 என்ற முத்திரை, ஆயிரத்தில் 916 பங்கு தூய பொன், அதாவது 22 காரட் என்பதைக் குறிக்கிறது. பத்தரின் சொல்லையும் உரைகல்லையும் நம்பி வாங்கிய தோட்டத்துப் பெண்களுக்கு அப்படியொரு முத்திரை இருந்ததில்லை.

காதில் இருந்த சேமிப்பு

1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் அது 40 காசும் 32 காசுமாகக் குறைக்கப்பட்டது. இந்தக் கூலியில் அரிசி, கருவாடு, துணி போக மிச்சம் பிடித்து, சீட்டுப் போட்டு, ஒன்றிரண்டு ஆண்டில் ஒரு ஜோடித் தோடு வாங்கினார்கள். பொன்னை அளந்த பவுன் என்பது 8 கிராம். பிரிட்டிஷ் தங்க நாணயத்தின் எடையிலிருந்து வந்த அளவு. எழுதப் படிக்கத் தெரியாத பெண்ணுக்கு வங்கிக் கணக்கு எட்டாதது. காதில் இருப்பதை எந்த நேரமும் கழற்றி டவுனில் அடகுக்கடைக்குக் கொண்டுபோகலாம். பிரசவம், காய்ச்சல், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், ஊருக்குப் போகும் கப்பல் செலவு எல்லாவற்றுக்கும் முதலில் கழன்றது காதணிதான். நகை அடகில் இருக்கும் மாதங்களில் துளை தூர்ந்துபோகாமல் ஈர்க்குச்சியைச் செருகி வைப்பார்கள். காதில் ஈர்க்குச்சியோடு ஒரு பெண் பெரட்டுக்கு வந்தால், அந்த வீட்டின் நிலையை லயத்தில் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அடகுத் தொழிலை இப்போது ஒழுங்குபடுத்துவது 1972ஆம் ஆண்டின் அடகுக்காரர் சட்டம். மாதம் 2 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. மீட்க ஆறு மாதத் தவணை. மாதம் 2 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும், ஆண்டுக்கு 24. மீட்க முடியாமல் போன நகை உருக்கப்பட்டுவிடும். தோட்டத்துக் காதணிகள் அருங்காட்சியகங்களில் அதிகம் காணப்படாததற்குப் பெரிய காரணம் இதுவே. செம்பும் பித்தளையும் பழசாகி மூலையில் கிடக்கும், பொன் கிடக்காது. ஒவ்வொரு தலைமுறையின் தோடும் அடுத்த தலைமுறையின் கம்மலுக்குள் உருகிக் கலந்திருக்கிறது.

ஜப்பானியர் ஆட்சிக் காலம் (1942-1945) இந்தச் சேமிப்பின் மதிப்பைக் காட்டிக்கொடுத்தது. வாழை மரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுகள் போர் முடிந்ததும் வெற்றுத் தாளாயின. ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்டார்கள். லயங்களில் தனித்து நின்ற பெண்கள் அரிசிக்கும் மரவள்ளிக்கும் நகையைக் கொடுத்துப் பிழைத்தார்கள். அதே ஆண்டுகளில், 1943இல், சுபாஷ் சந்திர போஸ் மலாயாவெங்கும் பேசி இந்திய தேசிய இராணுவத்துக்கு நிதி திரட்டினார். பெண்கள் மேடையருகே வந்து நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அப்போது பதின்ம வயதில் கோலாலம்பூரில் இருந்த ஜானகி தேவர் தம் காதிலிருந்த தங்கத் தோடுகளைக் கொடுத்தது பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்ட அவர், அந்த இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தலைமைப் பொறுப்பில் இருந்து, இந்திய அரசின் பத்மஸ்ரீ விருதை 2000இல் பெற்று, 2014இல் மறைந்தார். அவர் வசதியான வீட்டுப் பெண். அந்தப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்கள் பலரின் பெயர்கள் இந்த அளவுக்கு எழுதப்படவில்லை.

மாறிய காது

போருக்குப் பின் காது வளர்க்கும் வழக்கம் விரைவாக நின்றது. பள்ளிக்கூடம் போன பெண்கள் நீண்ட மடலை விரும்பவில்லை. ஏற்கெனவே நீண்டவர்களில் சிலர் மருத்துவமனையில் அதைத் தைத்துச் சிறிதாக்கிக்கொண்டார்கள். தண்டட்டிகள் உருகித் தோடாயின. 1980களிலிருந்து ரப்பர்த் தோட்டங்களே செம்பனைக்கும் வீடமைப்புக்கும் வழிவிட்டன. செனவாங்கும் செண்டாயானும் சிரம்பான் 2உம் தோட்ட நிலத்தில் எழுந்த நகர்ப்பகுதிகள். லயங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான் வீடுகளுக்கும் போயின. தங்க விலை ஏறிக்கொண்டே போக, அன்றாடம் காதில் பொன் அணிவது குறைந்தது. வழிப்பறிக்கு அஞ்சியும் பலர் கழற்றி வைத்தார்கள். அந்த வெறுமையை நிரப்பியவை கவரிங், பாசிமணி, துணி, மரம், காகிதம், இறுதியாகத் தோல்.

தோல் காதுக்கு ஏறியது

தோல் காதணி இந்தத் தோட்டங்களின் பழைய வழக்கில் சேர்ந்ததன்று. சேர்ந்திருக்கவும் முடியாது. தோலைத் தொட்டு வேலை செய்தவர்களை ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம் அதைக் காலுக்குக் கீழே மட்டும் அனுமதித்தது. கடல் கடந்தும் அந்தப் பிரிவினை தொடர்ந்தது. சாதிவாரியாக லயங்கள் பிரிக்கப்பட்ட தோட்டங்கள் உண்டு. பறையும் மிருதங்கமும் தோல்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தோலைப் பதப்படுத்திக் கட்டிய கைகள் மேடைக்கு வரவில்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றிக் கருநாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் வெளிவந்ததே 2020இல். இன்றும் சில கோயில்களில் தோல் பொருளை வெளியே வைத்துவிட்டு வரச் சொல்வார்கள். ஆகவே ஒரு தமிழ்ப் பெண் தோலைக் காதில் அணிவது வெறும் நாகரிக மாற்றம் என்று இந்தக் கட்டுரையாளர் கருதவில்லை. நெடுங்காலம் இழிவு சுமத்தப்பட்ட ஒரு பொருள், உடம்பில் பொன்னுக்கு ஒதுக்கியிருந்த இடத்துக்கு வந்திருக்கிறது.

கைவினையாகத் தோல் காதணி செய்வதில் நமக்கு மிக அருகில் உள்ள முன்னோடிகள் ஆந்திரத்தின் நிம்மலகுண்டா ஊர்த் தோற்பாவைக் கலைஞர்கள். கூத்துக்கு ஆதரவு குறைந்தபோது, ஆட்டுத்தோலில் இராமனையும் அனுமனையும் வரைந்து துளையிட்ட அதே கைகள் விளக்குக் கூடுகளும் சுவர்ப் படங்களும் காதணிகளும் செய்யத் தொடங்கின. ஆந்திரத் தோற்பாவைக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அவ்வூர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவ் 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். பாவைத் தோல் பதனிடாத பச்சைத் தோல்: முடி நீக்கி, சுரண்டி, விறைப்பாக இழுத்துக் காயவைத்தது. ஒளி ஊடுருவும், சாயம் கண்ணாடி போல் மின்னும். ஆனால் ஈரக் காற்றில் நெளிந்துவிடும். ஆண்டு முழுதும் புழுங்கும் நெகிரி செம்பிலானுக்கு அது ஏற்றதில்லை.

இங்கே உகந்தது தாவரச் சாற்றில் பதனிட்ட தோல். தமிழ்நாட்டுக்கு இதில் பழைய பெயர் உண்டு. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டு லண்டன் சந்தைக்குப் போன ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று அழைக்கப்பட்டன. அந்தப் பெயருக்கும் 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சென்னை அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்தொழிலின் அறிவியல் மையம். இன்று உலகத் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பில் பதனிடப்படுவது; அது மென்மையானது, விரைவில் ஆயத்தமாவது, ஆனால் நனைத்து வடித்தால் வடிவம் நிற்காது. சரியாகச் செய்யாத குரோமியத் தோலில் ஆறிணைதிறன் குரோமியம் மிஞ்சித் தோல் அரிப்பை உண்டாக்கலாம் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் அதற்குக் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற வரம்பு விதித்திருக்கிறது. கழுத்தோரம் வியர்வையில் உரசும் நகைக்கு இது கவனிக்க வேண்டியது.

எடைக் கணக்கு தோலின் பக்கம் நிற்கிறது. 4 செண்டிமீட்டர் விட்டமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள ஒரு வட்டத்தைத் தோலில் வெட்டினால் சுமார் 1 கிராம். அதையே 22 காரட் பொன்னில் தட்டினால் 22 கிராம், அதாவது ஏறத்தாழ 2¾ பவுன், ஒரு காதுக்கு மட்டும். பத்தர் அரக்கை அடைத்துச் சாதித்த பெரிய உருவத்தைத் தோல் எந்தத் தந்திரமும் இன்றித் தருகிறது. அடகுக்கடையில் அதற்கு ஒரு காசும் கிடைக்காது என்பது மறுபக்கம்.

செய்முறை

கைப்பை, செருப்புப் பட்டறைகளில் விழும் துண்டுத்தோலே போதும். 0.8 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை தடிப்பு நல்லது. அதற்குக் குறைந்தால் துவளும், கூடினால் விளிம்பு முரடாகத் தெரியும். தோலின் எல்லாப் பகுதியும் ஒன்றுபோல் இழுபடாது. முதுகுப் பகுதி உறுதி, வயிற்றுப் பகுதி தளர்வு. இரண்டு காதுக்கும் உரிய துண்டுகளை அருகருகே ஒரே பகுதியிலிருந்து எடுக்காவிட்டால், சில வாரங்களில் ஒன்று நீண்டு ஜோடி கெடும்.

அட்டையில் வடிவம் வெட்டி, தோலின் உட்புறத்தில் வைத்து வரைய வேண்டும். மாங்காய் போல் ஒரு பக்கம் சாய்ந்த வடிவமானால், இரண்டாவது துண்டுக்கு அட்டையைப் புரட்டிப் போட வேண்டும். இதை மறந்து இரண்டும் வலக்காதுக்கே வெட்டுவது புதிதாகத் தொடங்குவோர் அதிகம் செய்யும் பிழை. கத்தியின் கூர் புதிதாக இருக்க வேண்டும். ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். வளைவில் கத்தியைத் திருப்பாமல் தோலைத் திருப்பினால் விளிம்பு மழமழப்பாக வரும். துளை விளிம்பிலிருந்து 3 மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் குணுக்கு மடலை அறுப்பதுபோல வளையம் தோலை அறுத்துவிடும்.

குழிவோ வளைவோ வேண்டுமானால் தாவரப் பதனத் தோலைத் தண்ணீரில் நனைத்து, கரண்டியின் முதுகிலோ மர உருண்டையிலோ அழுத்திக் கட்டி நிழலில் ஒரு நாள் உலர்த்தலாம். காய்ந்த பிறகு வடிவம் அப்படியே நிற்கும். வெயிலில் வைத்தால் சுருங்கி வெடிக்கும். சாயம் பூசுவது இதன் பிறகு. பிறகு விளிம்பை ஈரப்படுத்தி, சிறிது கோந்து தடவி, மரக்குச்சியால் வேகமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கும் சூட்டில் இழைகள் படிந்து விளிம்பு பளபளக்கும். கடையில் அச்சடித்து வெட்டிய காதணியையும் கையால் செய்ததையும் பிரித்துக் காட்டுவது இந்த விளிம்புதான். அங்கே செலவிடும் நேரத்தைக் குறைக்கக் கூடாது. கடைசியாகத் தேன்மெழுகு பூசித் துணியால் துடைத்து, கம்பி வளையத்தையும் கொக்கியையும் மாட்டலாம். வளையத்தை அகலமாக விரித்துத் திறந்தால் வட்டம் கெடும். முனைகளைப் பக்கவாட்டில் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகத் திருப்பித் திறந்து, அப்படியே திருப்பி மூட வேண்டும். கொக்கியில் நிக்கல் இருந்தால் பலருக்குக் காது புண்ணாகும். வெள்ளிக் கொக்கி நல்லது. வீட்டில் ஜோடி தொலைந்த பழைய பொன் கொக்கி கிடந்தால் இன்னும் நல்லது.

பழைய வடிவங்களில் தோலுக்கு எளிதாக ஒத்துவருவது காதோலை. தோல் பட்டையை ஓலையைப் போலவே சுருட்டலாம். ஆனால் பதனிட்ட தோலுக்கு ஓலையின் விரியும் துடிப்பு இல்லாததால், கடைசிச் சுற்றைப் பசையிட்டோ தைத்தோ நிறுத்த வேண்டும். பசை பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் மேற்புறத்தை உப்புத்தாளால் சுரண்டிக்கொள்ள வேண்டும். ஏழு கல் தோட்டின் அமைப்பையும் ஏழு சிறு வட்டங்களாக வெட்டி ஒரு வட்டத் தட்டின் மேல் ஒட்டிச் செய்யலாம். நீண்டோ தளர்ந்தோ போன துளை உள்ள மூத்த பெண்களுக்கு, திருகாணிக்கும் மடலுக்கும் இடையே ஒரு விரல்நுனி அளவுத் தோல் வில்லையைச் செருகினால், தோட்டின் எடை ஒரே புள்ளியில் விழாமல் பரவி, தோடு முன்னால் சாய்வதும் நிற்கும். பொன் தோட்டுக்கும் இது உதவும்.

நெகிரி செம்பிலானின் ஈரப்பதத்தில் தோலுக்குப் பெரிய பகை பூஞ்சணம். பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் சில வாரங்களிலேயே வெள்ளைப் படலம் பிடிக்கும். துணிப்பையிலோ காற்றோட்டமான பெட்டியிலோ வைக்க வேண்டும். பூஞ்சணம் வந்துவிட்டால் உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, மெழுகு மறுபடி பூசலாம். வியர்வையும் தலையெண்ணெயும் பட்டுப் பழுப்பேறுவது இயல்பு. தாவரப் பதனத் தோல் அப்படி நிறம் கறுத்துத்தான் முதிரும். குளிக்கும்போதும் மழையிலும் கழற்றிவிட வேண்டும்.